காற்றடித்தால் ட்ரோன் விடுகிற பாய்

எங்கள் ஸ்டுடியோவுக்கு ட்ரோன் ஓட்ட வந்தவர்களில் காற்றைக் கண்டு பயப்படாத ஆள் என்று நான் பார்த்தது பாய் ஒருவரைத்தான். பயப்படாதவர் என்று சொல்வதுகூடப் போதாது. காற்று இல்லாவிட்டால் அவருக்கு முகம் சுண்டிப்போகும். மண்டப வாசலில் மாப்பிள்ளை அழைப்பு நடந்துகொண்டிருக்கும், வேப்பமரத்தில் ஓர் இலை அசையாது, வேறு ஆள் என்றால் கும்பிடு போட்டுவிட்டு ட்ரோனை மேலே ஏற்றுவார். இவர் பெட்டியைத் திறக்காமல் ஏலக்காயை மென்றபடி உட்கார்ந்திருப்பார்.

"என்ன பாய், கெளப்பலையா?"

"இருங்க தங்கச்சி. ஒண்ணும் வீசலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொண்ணு வீட்டுக்காரர் வீடியோவுக்கு நிற்கிறார், மேளக்காரருக்கு மூச்சு வாங்குகிறது, இவருக்குக் காற்று வரவில்லையாம்.

பெயரைச் சொல்லவில்லை, அவருக்குப் பிடிக்காது. ஊர் லெப்பைக்குடிக்காடு. பல வருஷம் மஸ்கட்டில் நிலம் அளக்கிற கம்பெனி ஒன்றில் ட்ரோன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். கொஞ்ச காலம் இங்கே இருந்துவிட்டு மறுபடி அங்கேயே போய்விட்டார். அரியலூரில் கல்யாண வீடியோ எடுக்கிற எங்களுக்கெல்லாம் அவர் பாய், அவ்வளவுதான். ஒல்லியான உடம்பு. பலமாக ஒரு காற்று அடித்தால் ட்ரோனுக்கு முன்னால் இவர் பறந்துவிடுவார் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். ஸ்டுடியோ என்னுடையது, எடிட் செய்வது நான், திட்டுவதும் நான்தான். பாய் கோபித்துக்கொண்டதில்லை.

கிளப்புவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவார். புடவைக் கவரில் கிழித்த ஒரு பாலித்தீன் நாடாவை விரலில் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி ஏற்றுவார். ஏற்றியதும் நேராகக் காற்றின் முகத்துக்குத்தான் விடுவார். படம் பிடிக்க வேண்டியது கிழக்கே இருக்கும், காற்று மேற்கேயிருந்து வரும். இவர் மேற்கே போவார். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"காத்தோட போறது சொகமாத்தான் இருக்கும் தங்கச்சி. வரும்போதுதான் அழணும். மொதல்ல எதுத்துப் போயிடணும். பேட்டரி தெம்பா இருக்குறப்பவே கஷ்டத்தப் பட்டுட்டா, திரும்புறப்போ காத்தே தூக்கிட்டு வந்து வுட்டுடும்."

தரையில் இறக்கவே மாட்டார். எங்கள் பக்கம் சுண்ணாம்புத் தூசி. இறக்கை சுற்றுகிற வேகத்தில் அது கிளம்பி மோட்டாருக்குள் போய்விடும். அதனால் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். குடிகாரன் மாதிரி தள்ளாடி வருகிற அதை அடிவயிற்றில் பிடித்து வாங்குவார். விரலில் அங்கங்கே பழைய தழும்பு உண்டு. கைக்கு வந்ததும் "அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டான்" என்பார். என்ன எடுத்தது, எவ்வளவு தூரம் போனது என்பதெல்லாம் எனக்குத்தான் கவலை. அவருக்கு அது திரும்பி வந்துவிட வேண்டும். பாய் விட்டது எந்தக் காற்றிலும் வராமல் போனதில்லை. இதை அவர் சொல்லிக்கொண்டதில்லை. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள்.

பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஆடி மாதத் தேர் ஞாபகம் வருகிறது. ஆடிக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பந்தலில் கட்டிய துணி படபடவென்று அடித்து நாங்கள் பேசுவதே கேட்கவில்லை. பெரம்பலூரிலிருந்து வந்திருந்த வேறொரு ஸ்டுடியோக்காரர் எங்களுக்கு முந்திக்கொண்டு தன் ட்ரோனை ஏற்றினார். காற்றோடு அழகாகப் போனது. திரும்பக் கூப்பிட்டபோதுதான் வரவில்லை. நின்ற இடத்திலேயே திணறியது. மனுஷன் பதறிப்போய், ரிமோட்டில் வீடு படம் போட்ட பட்டனை அமுக்கிவிட்டார்.

ட்ரோன்காரர்கள் எல்லோருமே ஒருமுறையாவது செய்கிற தப்பு அது. அமுக்கினால் கிளம்பின இடத்துக்குத் தானாக வந்துவிடும் என்று கடையில் சொல்லித்தான் கொடுப்பார்கள். வரும்தான். ஆனால் வழியில் மரமோ கோபுரமோ தட்டிவிடக் கூடாது என்று முதலில் உயரே ஏறும். உயரே போகப் போகக் காற்று அதிகம். இதுவும் ஏறியது. ஏறிப் பொட்டாகச் சிறுத்து அடுத்த ஊர்ப் பக்கம் போய்விட்டது. சாயங்காலம் ஒருவர், வெங்காயப் பட்டறைக் கூரைமேல் கிடந்தது என்று பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ட்ரோனின் நாலு கையில் ஒன்று இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. யாருடையதாக இருந்தாலும் ஒரு ட்ரோன் போய்விட்டது என்றால் எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஆகிவிடுவார்.

"வூட்டுக்குப் போற பட்டன்னு நம்பி அமுக்குறாங்க. அது வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆகாசத்துக்குல்ல போவுது. காத்துல மாட்டிக்கிட்டா ஏறவே கூடாது தங்கச்சி. எறங்கிடணும். கீழ காத்து கம்மி. தலயத் தாழ்த்திக்கிட்டு வரப்போட வரப்பா வந்துடணும்."

சொல்லிவிட்டு அதே காற்றில் தன்னுடையதை ஏற்றினார். எதிர்த்துப் போய், வளைந்து வந்து, தேர் நிலையைவிட்டு அசைகிற நேரத்துக்குச் சரியாக அதன் தலைக்கு மேலே நிறுத்தினார். கீழே வடம் பிடித்தவர்களின் வேட்டியெல்லாம் ஒரே பக்கம் பறக்கிறது, தேர்ச்சீலை உப்பி நிற்கிறது, கலசம் மட்டும் அசையாமல் இருக்கிறது. அன்று ராத்திரி எடிட் டேபிளில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். காற்றைப் படம் பிடிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்காக அடுத்த முகூர்த்தத்தில் திட்டாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம்.

அவர் வீட்டம்மாவும் என் கட்சிதான். ஒருமுறை போனில் என்னிடம் புலம்பினார். "எல்லார் வூட்லயும் மழக்காத்து வந்தா ஆம்பளைங்க உள்ள வருவாங்க. இந்த மனுஷன் பெட்டியத் தூக்கிட்டு வெள்ளாத்து மணலுக்கு ஓடுறாரும்மா. நீயாச்சும் சொல்லக் கூடாதா?" நான் சொல்லிப் பார்த்தேன். பாய் ஏலக்காய் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கோடையில் ஒரு நாள் கல்யாண வேலை முடித்து ஆலத்தியூர்ப் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். வேன் ஓட்டுவது எப்போதும் நான்தான். மேற்கே வானம் ஒரேயடியாகக் கறுத்தது. ரோட்டோரம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துவிட்ட பெரிய குழி. பாய் ஓடுகிற வண்டியிலேயே கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க."

"மழை வருது பாய்."

"மழைக்கு முன்னாடி காத்து வரும்ல."

கிறுக்குப் பிடித்த ஆளோடு வந்து மாட்டிக்கொண்டேனே என்று நொந்துகொண்டே நிறுத்தினேன். அவர் ஏற்றின கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. குழியிலிருந்த வெள்ளைத் தூசி அப்படியே எழும்பி எங்களை நோக்கி நடந்து வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தேன். ட்ரோன் ஒருக்களித்துப் படுத்த மாதிரி சாய்ந்து நின்றது. நாலு இறக்கையும் அலறின. இதோ விழுந்தது, இதோ விழுந்தது என்றே நினைத்தேன். பாய் கையிலிருந்த ரிமோட் கருவியின் திரையைத் தலையால் காட்டினார்.

திரையில் ஒரு நடுக்கம் இல்லை. உடம்பு எவ்வளவு சாய்ந்தாலும் கேமராவை மட்டும் நேராகப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்பு அதில் உண்டு. அது எனக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் பார்த்த கண் பார்த்தபடி நின்றேன். வெள்ளைத் தூசிக்குப் பின்னால் கறுப்பாக மழை இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஓர் ஊர் நனைந்தது, அதற்கு இந்தப் பக்கத்து ஊரில் இன்னும் வெயில். நடுவில் மின்னல் ஒன்று வெட்டியது. நாம் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வெளியே இவ்வளவும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ரப்புடைய வேல தங்கச்சி, ஆண்டவன் வேல. நாம சும்மா பாத்துட்டுத் திரும்பிடணும்," என்றார். முதல் துளி விழுவதற்குள் அதைக் கையில் வாங்கிவிட்டார்.

ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடுகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. விழுந்த மரங்களை மேலேயிருந்து வீடியோ எடுத்துக் கொடுத்தால் அதிகாரிகளிடம் காட்டலாம் என்று அங்கேயுள்ள விவசாயிகள் கேட்டார்கள். மறுநாள் காலையில் போனோம். புயல் கரை தாண்டியிருந்ததே தவிர காற்று விட்டபாடில்லை. மழை மட்டும் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கரண்ட் இல்லை, எந்த போனிலும் சிக்னல் இல்லை. செம்மண் கட்டியோடு வேர் மேலே, கிளை கீழே என்று கண்ணுக்கு எட்டின மட்டும் முந்திரி. பாய் அன்று ஏலக்காய் மெல்லவில்லை. காற்று வேண்டும் என்றும் சொல்லவில்லை. பேசாமல் எடுத்துக்கொண்டே இருந்தார். மதியம் நெருங்கும்போது ஒரே ஒரு பேட்டரிதான் மிச்சம். மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒருவர் ரோட்டுக்கு ஓடிவந்தார். கூட இரண்டு பேர். நடு வயசு, இடுப்பில் நனைந்த லுங்கி, தலையில் சிவப்புத் துண்டு. பாயின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், எம் பொண்டாட்டிய காணும். நேத்து சாயங்காலம் காட்டுல கட்டுன மாட்ட அவுத்து வுட்டுட்டு வரேன்னு போனவ. விடிஞ்சதுலேந்து தேடறோம். தடமே தெரியல. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி கெடக்குது. கூப்புட்டா சத்தத்தக் காத்து தின்னுடுது."

"எந்தப் பக்கம் போனாங்க?"

அவர் கிழக்கே கையைக் காட்டினார். காற்று மேற்கேயிருந்து கிழக்கே அடித்துக்கொண்டிருந்தது. பாய் விரலில் நாடாவைத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லை.

நான் மெதுவாகச் சொன்னேன். "பாய், காத்தோட போகணும். அதுவும் கடைசி பேட்டரி."

"தெரியுது தங்கச்சி," என்றார். அவர் அந்த மனுஷனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒடிந்த கிளைகளை மிதித்து மிதித்து இரண்டு பாதமும் கிழிந்திருந்தது. செருப்பைக் கழற்றினார்.

"நீங்க மூணு பேரும் உள்ள போங்க. அப்பப்ப மேல பாத்துக்கிட்டே போங்க. இது ஒரே எடத்துல அசையாம நின்னா, அதுக்கு நேர் கீழ உங்க வூட்டம்மா இருக்காங்கன்னு அர்த்தம். வெளங்குதா?"

அவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினார்கள். பாய் "பிஸ்மில்லாஹ்" சொல்லி ஏற்றினார். கல்லை விட்டெறிந்த மாதிரி போனது.

திரையில் எனக்கு மரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாய் பொறுமையாகக் காட்டை மேலும் கீழுமாக உழுதார். முதலில் ஒரு பசு கண்ணில் பட்டது, பக்கத்தில் இன்னொன்று. கயிறு இல்லாமல் நின்றன. அங்கிருந்து இன்னும் கிழக்கே போனபோது விழுந்த மரத்தின் அடியில் நீலமாக ஏதோ கிடந்தது. தாழ்ந்து போனார். புடவை. தொடைக்குக் கீழே ஒரு பெரிய கிளை கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை தூக்கி அசைந்தது.

"உசுரு இருக்கு," என்றேன். 

பாய் பேட்டரியைப் பார்த்தார். "இப்ப திருப்புனா கைக்கு வந்துடும்," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

"திருப்பிடுங்க பாய். எடம் தெரிஞ்சுபோச்சுல்ல. வழி சொல்லிடுவோம்."

"யார்கிட்ட சொல்லுவ? அவங்க உள்ள போயிட்டாங்க. போனும் இல்ல. நீயும் நானும் போனா பொழுதுக்குள்ள இந்த மரத்தக் கண்டுபிடிப்பமா?"

அத்தனை நாளில் அவர் என்னை ஒருமையில் பேசியது அப்போதுதான்.

தாழ்வாக நின்றால் காற்று குறைவு, பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் விழுந்த மரங்களுக்கு நடுவே நடக்கிறவர்கள் கண்ணில் அது படாது. தெரிய வேண்டும் என்றால் ஏற வேண்டும். மாட்டிக்கொண்டால் ஏறவே கூடாது என்று சொன்ன மனுஷன், அடியிலிருக்கும் விளக்கைப் போட்டுவிட்டு, கட்டைவிரலால் முன்னே தள்ளி அதை ஏற்றினார்.

காற்று பலம் என்று கருவி கத்த ஆரம்பித்தது. கத்தட்டும் என்று விட்டார். திரையில் படம் எப்போதும் போல அசையாமல் இருந்தது. அங்கே என்ன பாடு படுகிறது என்பதை அவர் விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நகம் வெளுத்திருந்தது. ஒரு வீச்சு வரும், நீலப் புடவை திரையின் ஓரத்துக்கு ஓடிவிடும். இழுத்து நடுவுக்குக் கொண்டுவருவார். அடுத்த வீச்சு வரும். மறுபடி நடுவுக்கு. வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். சிலபேர் தொழிலில் கெட்டிக்காரர்கள், அதைப் பார்த்து நாம் மெச்சலாம். இது அப்படியில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

திரையின் மூலையில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. அவர்கள்தான். வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, மேல பாருங்களேன்யா," என்று நான் திரையைப் பார்த்துக் கெஞ்சினேன்.

பேட்டரி சிவப்புக்கு வந்தது. இனி தானாகவே இறங்கத் தொடங்கும். இறங்கத் தொடங்கியது. பாய் விரலை முழுசாக மேலே அழுத்தி அதை இறங்கவிடாமல் பிடித்தார். மூன்று புள்ளிகளில் ஒன்று நின்றது. சிவப்பாக ஒன்று சுழன்றது. துண்டு. பார்த்துவிட்டார். பிறகு ஒவ்வொரு மரமாக ஏறிக் குதித்து வந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.  நீலத்தின் பக்கத்தில் மூன்று புள்ளியும் போய்ச் சேர்ந்தன. ஒன்று குனிந்து உட்கார்ந்தது. இன்னொன்று எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது.

பாய் விரலைத் தளர்த்தினார். திரையில் மரங்கள் சரசரவென்று நகர்ந்தன, ஒரு நொடி வானம் வந்தது, பிறகு கறுப்பு.

நான் ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். எதற்கு என்று கேட்டால், அந்தம்மா பிழைத்ததற்கா, ட்ரோன் போனதற்கா, இப்படி ஓர் ஆளை இத்தனை நாள் நேரத்துக்குக் கிளப்பவில்லை என்று திட்டினேனே என்பதற்கா, எனக்குத் தெரியாது. பாய் கருவியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியில் ட்ரோன் இருக்கிற பள்ளம் காலியாக இருந்தது. மூடிவிட்டு, "வண்டியத் திருப்பி நிறுத்துங்க தங்கச்சி, தூக்கிட்டு வந்துடுவாங்க," என்றார்.

கொட்டகைக் கதவு ஒன்றைப் பெயர்த்து அதில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள். வேனின் பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏற்றினோம். புருஷன் மடியில் அந்தம்மாவின் தலை. பாய் கால்மாட்டில் உட்கார்ந்து, நசுங்கிய காலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். ஆண்டிமடம் ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டினேன். ரோடு முழுக்கக் குழி, கிளை, தண்ணீர்.

பாதி வழியில் அந்தம்மா பேசினார். குரல் கம்மியிருந்தது.

"ராத்திரி பூரா கத்துனேன். விடிஞ்சும் ஒருத்தரும் வரல. போதும், கண்ண மூடிக்கலாம்னு நெனச்சேன். அப்பத்தான் இது வந்து தலைக்கு மேல நின்னுச்சு. காத்து தள்ளுது, திரும்பி வருது. தள்ளுது, திரும்பி வருது. இத்துனூண்டு சாமான். அதுவே இந்தக் காத்துல நிக்கறப்போ நான் எப்படிங்க கண்ண மூடறது?"

 அந்தம்மா தலையைத் தூக்கி பாயைப் பார்த்தார்.

"அது பத்திரமா வந்து சேந்துடுச்சா தம்பி?"

"சேந்துடுச்சும்மா," என்றார் பாய்.

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அதுவரை அவர் வாயிலிருந்து ஒரு பொய்யும் நான் கேட்டதில்லை. வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது, எங்கள் எல்லோருக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. அந்தம்மாவின் கால் மட்டும் அவர் கையில் அசையாமல் இருந்தது.